முற்றுப்புள்ளி இல்லாத புத்தகத்தை எப்படிப் படிக்கிறது

போன மாசம் எங்க தாமான்ல (குடியிருப்புல) செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுற தம்பி ஒருத்தர் வாசல்ல மோட்டரை நிறுத்திட்டு, ஹெல்மட்டைக்கூட கழட்டாம, "அக்கா, நீங்க குடுத்த புத்தகத்துல இருபது பக்கம் தேடிட்டேன், ஒரு முற்றுப்புள்ளி கூட இல்லக்கா, அச்சுல கோளாறா"ன்னு கேட்டார். கோளாறு இல்ல தம்பி, அந்த ஆளு வேணும்னுதான் போடல, உள்ள வாங்க பசியாறிட்டுப் பேசுவோம்னு கூப்பிட்டு உக்கார வெச்சு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்ல உக்காந்துகிட்டு நார்வே நாட்டுக் கிழவர் ஒருத்தரோட மனசுக்குள்ள எப்படிப் போறதுன்னு கேக்குறவங்களுக்கு.

புத்தகம் நார்வே எழுத்தாளர் யோன் ஃபொஸ்ஸே எழுதின செப்டாலஜி, நாவல். 1959ல பிறந்தவர், 2023ல நோபல் வாங்கினவர். ஏழு பகுதி, மூணு புத்தகமா 2019ல இருந்து 2021 வரைக்கும் வந்துச்சு, ஆங்கிலத்துல கொண்டு வந்தவர் டேமியன் சேர்ல்ஸ், மூணையும் சேர்த்தா 800 பக்கத்துக்கு மேல. இதுல பாதி சனங்க பயந்து போறது பக்கத்தைப் பாத்து இல்ல, அந்த முற்றுப்புள்ளியைப் பாத்துதான். தன்னோட எழுத்தை அவரே 'மெதுவான உரைநடை'ன்னுதான் சொல்றார், அதாவது வேகமா போனா ஒண்ணும் கிடைக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டார், நம்மதான் கேக்கல.

நானும் முதல் தடவை 40 பக்கத்துல மூடி வெச்சவதான். காரணம் என்னன்னு பின்னாடிதான் புரிஞ்சது, அடுத்து என்ன நடக்கும்னு பாத்துகிட்டே படிச்சேன், அடுத்து ஒண்ணும் நடக்கல, கதையில வர்ற கிழவர் நாற்காலில உக்காந்து கடலைப் பாத்துகிட்டே இருக்கார்.

அதனால முதல் வேலை, கதையை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கங்க. துப்பறியும் கதைன்னா இது துரோகம், இதுக்கு இது உபகாரம். சொல்லிடுறேன். ஆஸ்லென்னு ஒரு வயசான ஓவியர், பெண்டாட்டி ஆலெஸ் செத்துப் போயிட்டா, கடலோரத்துல தனியா இருக்கார். பக்கத்து வீட்டுல ஓஸ்லெய்க்னு ஒரு ஆளு, மீன் புடிக்கிறது, ஆடு வளக்கிறதுன்னு காலத்தை ஓட்டுறவர். பியோர்க்வின்னு பக்கத்துல ஒரு பட்டணம் (அது பெர்கன் நகரத்தோட பழைய பேரு), அங்க இன்னொரு ஆஸ்லெ, அவரும் ஓவியர்தான், குடிச்சுக் குடிச்சு ஒடம்பு போன ஆளு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி, பனி கொட்டுற நாளுங்க. நம்ம ஆஸ்லெ பட்டணத்துக்குக் காடி ஓட்டிட்டுப் போறார், வர்றார், மனசு கேக்காம அன்னைக்கே திரும்பப் போறார், அந்த இன்னொரு ஆஸ்லெ பனியில விழுந்து கிடக்கிறதைப் பாத்து வைத்தியத்துக்குக் கொண்டு போய் சேக்குறார். அப்புறம் வீட்டுக்கு வந்து, படுத்து, எந்திரிச்சு, பழசை நெனச்சு, சாமி கும்பிடுறார். வெளியில நடக்கிறது பெரும்பாலும் இவ்வளவுதான். மத்த எல்லாம் உள்ள நடக்குது.

இந்த மாதிரி எழுத்துக்குத் தமிழ்ல நனவோடைன்னு பேரு வெச்சிருக்காங்க, நல்ல பேருதான். வில்லியம் ஜேம்ஸ்னு ஒரு மனோதத்துவக்காரர் 1890ல மனசுல ஓடுற நெனப்பை ஆத்து ஓட்டத்தோட ஒப்பிட்டு எழுதினதுல இருந்து வந்த சங்கதி. இதை மனப்பாடம் பண்ணித் தேவையில்ல, அடுத்ததுக்குப் போவோம்.

ரெண்டாவது, ஒரு துண்டுப் பேப்பர். பழைய காலண்டர் கிழிச்ச தாளு போதும். அதுல பேருங்களை எழுதி புத்தகத்துக்குள்ள வெச்சுக்கங்க: ஆஸ்லெ, இன்னொரு ஆஸ்லெ, ஆலெஸ், ஓஸ்லெய்க், அவரோட தங்கச்சி கூரு. எல்லாம் ஒரே எழுத்தைக் கலைச்சுப் போட்ட மாதிரி இருக்கா, அது தற்செயல் இல்ல, குழப்பணும்னே வெச்சது. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்தவங்களுக்கு இது கஷ்டமே இல்ல, எங்க லயத்துல மட்டும் நாலு லெட்சுமி இருந்தாங்க, கோடி வீட்டு லெட்சுமி, கறுத்த லெட்சுமி, கிராணி வீட்டுல வேலை செய்யிற லெட்சுமின்னு சொல்லித்தான் கூப்பிடுவோம். அதே மாதிரி நீங்களும் ஆஸ்லெக்கு அடையாளம் வெச்சுக்கங்க. நான் வெச்சது 'காடி ஆஸ்லெ', 'பனி ஆஸ்லெ'. இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா, வேற வேற ஆளான்னு இணையத்துல தேடிப் போகாதீங்க. ஒரே மனுசன் குடியை விட்டிருந்தா ஒரு மாதிரி, விடாம இருந்திருந்தா ஒரு மாதிரின்னு எனக்குத் தோணுது, உங்களுக்கு வேற தோணலாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மூணாவது விசயத்துலதான் நான் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன், அந்த முற்றுப்புள்ளி.

வெள்ளைக்காரன் படிக்கிறப்ப இது அவனுக்குப் புதுசா இருக்கலாம். நமக்குப் புதுசு இல்ல. எங்க பாட்டி கதை சொல்றதைக் கேட்டிருந்தீங்கன்னா தெரியும், "அன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு பெரட்டுக்குப் போயி, தண்டல்கிட்ட பேரைக் குடுத்துட்டு, மேட்டுக்காட்டுல நிரை கெடச்சு, போற வழியிலயே மழை புடிச்சு, வெட்ட முடியாம திரும்பி வந்து, வந்து பாத்தா உங்க தாத்தா அடுப்புகூட மூட்டாம உக்காந்திருக்க, நான் ஏன்னு கேக்க, அவரு பேசாம இருக்க..." இப்படிப் போய்கிட்டே இருக்கும், வாக்கியம் முடியிறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரு தூங்கியிருப்போம். வந்து, போயி, கேட்டு, பாத்துன்னு எச்சத்தை எச்சத்தோட கோத்துகிட்டே போறது தமிழோட இயல்பு, வினைமுற்று கடைசியில எங்கயோ நிக்கும், சில சமயம் வரவே வராது. ஃபொஸ்ஸேயோட ஆங்கில மொழிபெயர்ப்புல 'அண்ட்' 'அண்ட்'னு வந்துகிட்டே இருக்கும் பாருங்க, அந்த எடத்துல எல்லாம் மனசுக்குள்ள 'ட்டு' போட்டுக்கங்க. நின்னுட்டு, பாத்துட்டு, நெனச்சுட்டு. சத்தியமா சொல்றேன், எனக்கு இந்த ஒரு வேலைக்கு அப்புறம்தான் அந்தப் புத்தகம் தொறந்துச்சு. ஆங்கிலம் அவ்வளவா வராதுன்னு பயப்படுறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், சொல்லெல்லாம் ரொம்ப எளிசு, மழை, பனி, காடி, நாற்காலி, கடல், இருட்டு, பள்ளிக்கூட ஆங்கிலமே தாராளம்.

இன்னொண்ணு, அவர் எழுதுறது நார்வேல பெரும்பாலான சனம் எழுதுற மொழிவடிவத்துல இல்ல, நைநோர்ஸ்க்னு சிறுபான்மை சனம் எழுதுறது, கிராமத்துப் பேச்சை அடிப்படையா வெச்சு 19ஆம் நூற்றாண்டுல உருவாக்கினது. இதைப் படிச்சப்ப எனக்கு என்னமோ பக்கத்து லயத்து ஆளுன்னு ஆயிடுச்சு.

வாய்விட்டுப் படிங்க. சத்தமா வேணாம், உதடு அசைஞ்சா போதும். கண்ணு ஓடுற வேகத்துக்கு வாய் ஓடாது, அதுதான் இந்தப் புத்தகத்துக்கு வேணும். மூச்சு முட்டுற எடத்துல நிறுத்துங்க, அதுதான் உங்க புள்ளி.

எவ்வளவு படிக்கிறதுன்னு கேட்டார் தம்பி. பக்கத்தை எண்ணாதீங்க, நேரத்தை எண்ணுங்க, நாளைக்கு 20 நிமிசம். பகுதிக்குள்ள அத்தியாயமே பிரிக்காத புத்தகத்துல எங்க நிறுத்துறதுன்னா, ஆஸ்லெயோட ஒடம்பு எடம் மாறுற வரைக்கும் போங்க. மனசு எங்க வேணா போவும், ஒடம்பு மட்டும் ஒரு எடத்துலதான் இருக்கும்: ஒண்ணு காடிக்குள்ள, இல்ல சன்னலோரத்து நாற்காலில, இல்ல கட்டில்ல, இல்ல தான் வரைஞ்ச படத்துக்கு முன்னாடி. ஒடம்பு எங்க இருக்குன்னு பென்சில்ல ஓரமா ஒரு சொல்லு எழுதி வெச்சுட்டு மூடுங்க. மறுநாள் அந்தச் சொல்லைப் பாத்துட்டுத் தொடங்குங்க. இதைச் செய்யலைன்னா கண்டிப்பா தொலைஞ்சு போவீங்க, ஏன்னா அவர் காடியை ஓரமா நிறுத்திட்டு ஒரு விளையாட்டுத் திடலைப் பாக்குறார், அங்க ஒரு சின்ன வயசுப் பையனும் பொண்ணும் ஊஞ்சல்ல விளையாடுறாங்க, யாரோன்னு நெனச்சுகிட்டே பத்து பக்கம் போயிருவோம், அது அவரும் ஆலெஸும்தான், எத்தனையோ வருசத்துக்கு முன்னாடி. 'பல வருடங்களுக்கு முன்பு'ன்னு எந்த அறிவிப்பும் வராது. கனவா, ஞாபகமா, கண்ணு முன்னாடி நடக்குதான்னு கேட்டா, மூணும்தான். எங்க பெரியப்பா இப்ப தினமும் செத்துப்போன பெரியம்மாகிட்ட கோப்பியில சீனி பத்தலன்னு சொல்றார், அவருகிட்ட போய் இது ஞாபகமா கனவான்னு யாராவது கேக்குறோமா?

பெரியப்பாவைப் பத்திச் சொல்லித்தான் ஆகணும். அவர் சைன்போர்டு எழுதினவர், சீனன் கடை, மாமாக் கடை, சவரக்கடைன்னு அஞ்சடிக் கடை வரிசையில பாதி போர்டு அவர் கைதான், கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தொங்க விடுற பேனர் வந்ததுக்கு அப்புறம் கோயில் சுவத்துல அம்மன், முருகன்னு வரைஞ்சார், இப்ப எம்பது வயசு தாண்டிருச்சு, கண்ணுல புரை. சாயந்தரம் மழை புடிச்சா நான் அவரு வீட்டு வாசல்ல உக்காந்து இந்தப் புத்தகத்தைப் பாத்து பாத்துத் தமிழ்ல சொல்லுவேன். ஏழு பகுதியும் ஒரே மாதிரிதான் தொடங்கும், ஆஸ்லெ தான் வரைஞ்ச படத்துக்கு முன்னாடி நிக்கிறார், படத்துல ரெண்டே கோடு, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு ஊதா, நடுவுல குறுக்க வெட்டிக்குது. மூணாவது பகுதி தொடங்கறப்ப நான், பெரியப்பா மறுபடியும் அதே படம்தான், தாண்டிப் போயிரவான்னு கேட்டேன். அவர் தாண்டாதே புள்ளன்னுட்டு, "அந்த ரெண்டு கோட்டுல எதை முதல்ல போட்டான்"னு கேட்டார்.

எனக்குத் தெரியல. மூணு தடவை படிச்சும் அதைக் கவனிக்கல. எதுக்குக் கேக்குறீங்கன்னேன். முதல் கோடு காயாம இருக்கிறப்ப ரெண்டாவது கோட்டை இழுத்தா, பிரஷ்ஷு பழைய சாயத்தை இழுத்துட்டுப் போவும், வெட்டுற எடத்துல ரெண்டும் கலந்து மூணாவது ஒரு நிறம் வரும், காய விட்டுட்டுப் போட்டா கலக்காது, மேல கீழன்னு நிக்கும், போர்டு எழுதுறவன் காய விடுவான், இவன் விட்டானான்னு பாருன்னார். திருப்பிப் போய் பாத்தேன். கெட்டியான எண்ணெய்ச் சாயம், மெதுவா இழுத்த கோடு, வெட்டுற எடத்துல நிறம் கலந்து கீழ வழிஞ்சிருக்குன்னு எழுதியே இருக்கு. காய விடல. பெரியப்பா சிரிச்சுட்டார், "அப்ப அவசரக்காரன் இல்ல, தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்"ன்னார். ரெண்டு ஆஸ்லெயும் எங்க வெட்டிக்கிறாங்க, எங்க கலக்குறாங்கன்னு நானா யோசிச்சது அதுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி படிச்ச எந்த விமர்சனமும் எனக்கு அதைச் செய்யல.

ஆக அடுத்த வழி: திரும்பத் திரும்ப வர்றதைத் தாண்டாதீங்க. அம்மா பால் மரம் வெட்டினவங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே மரம், அதே வெட்டு, அந்த வெட்டுக்கு அடியிலேயே மில்லிமீட்டர் கணக்குல ஒரு மெல்லிசுப் பட்டை சீவணும், ஆழமாப் போனா மரம் காயம் பட்டுரும், மேலோட்டமா சீவினா பால் வராது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போகணும், மரத்துக்குள்ள நீரழுத்தம் அப்பத்தான் அதிகம், பால் நல்லா ஓடும். வெளியில இருந்து பாக்குறவனுக்கு நேத்து செஞ்சதையேதான் இன்னைக்கும் செய்யிற மாதிரி தெரியும், அம்மாவுக்குத் தெரியும் இன்னைக்கு வெட்டு நேத்து வெட்டு இல்லன்னு. ஃபொஸ்ஸே செய்யிறது இதேதான். ஓஸ்லெய்க் வந்து கிறிஸ்மஸுக்குத் தங்கச்சி வீட்டுக்கு வான்னு கூப்பிடுறது, ஆஸ்லெ யோசிக்கிறது, படத்தை இருட்டுல வெச்சுப் பாக்குறது, எல்லாம் மறுபடி மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் போன தடவைக்கும் இதுக்கும் என்ன அந்த மெல்லிசுப் பட்டைன்னு மட்டும் தேடுங்க. ஒரு தடவை கூப்பிட்டப்ப உடனே முடியாதுங்கிறார், இன்னொரு தடவை கொஞ்சம் தயங்குறார். அவ்வளவுதான் கதை நகர்றது.

இருட்டுல வெச்சுப் பாக்குறதுன்னேன்ல, அதை மட்டும் விட்டுறாதீங்க. அந்தக் கிழவருக்குப் படம் நல்லா வந்திருக்கான்னு தெரியணும்னா விளக்கை அணைச்சுட்டுப் பாப்பார், இருட்டுல அது ஒளி விடுதான்னு. மனசுல மாட்டிகிட்டு நிக்கிற காட்சிங்களை வெளியில தள்ளுறதுக்குத்தான் வரையிறேன்ங்கிறார். கடைசியில இனிமே வரையவே வேணாம்னு ஒரு எண்ணம் வந்து உக்காந்துக்கும், அந்தப் பக்கங்களைப் படிக்கிறப்ப பெரியப்பா ஒண்ணும் பேசல, எனக்கு ஏன்டா படிச்சோம்னு ஆயிடுச்சு.

சிரிக்கிறதுக்கும் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. ஓஸ்லெய்க்கும் ஆஸ்லெயும் பேசிக்கிறது அப்படியே நம்ம கோப்பிக்கடைப் பேச்சு. அவர் விறகு, காய வெச்ச ஆட்டுக்கறி, மீன் குடுப்பார், பனியை ஒதுக்கி வழி விடுவார், இவர் பதிலுக்கு வருசத்துக்கு ஒரு படம், அதை அவர் தங்கச்சிக்குக் கிறிஸ்மஸ் பரிசாக் குடுத்துருவார். யாரு யாருக்குக் கடன்பட்டிருக்கான்னு ரெண்டு பேரும் விடாம பேசிக்குவாங்க. அந்தப் பக்கங்களை ரெண்டு குரல்ல படிச்சுப் பாருங்க.

ஒவ்வொரு பகுதியும் ஜெபத்துலதான் முடியும், கையில ஜெபமாலை, பாதி லத்தீன்ல. ஃபொஸ்ஸே கத்தோலிக்கரா மாறினவர், அது எழுத்துல இருக்கு. நம்மாளுங்க நிறைய பேரு இந்த எடத்தைப் புரட்டிட்டுப் போயிருவாங்க. மார்கழியில ஸ்பீக்கர்ல வர்ற திருவெம்பாவைல எத்தனை வரி பொருள் புரிஞ்சு கேக்குறோம், கேக்காமலா இருக்கோம்? அதே மாதிரி விடுங்க, மூச்சை உள்ள இழுத்து, வெளிய விட்டு அவர் சொல்றார், நீங்களும் இழுத்து விடுங்க. 800 பக்கத்துல நம்ம மூச்சு சரியா நிக்கிறது அந்த எடத்துலதான்.

நேரா செப்டாலஜில குதிக்க வேணாம்னா அவரோடதே சின்னப் புத்தகம் ஒண்ணு இருக்கு, மோர்னிங் அண்ட் ஈவ்னிங்னு, யோஹான்னஸ்னு ஒரு மீன்காரர் பொறக்கிற நாளும் சாவுற நாளும் மட்டும்தான், நடுவுல உள்ள வாழ்க்கையே இல்ல, ரெண்டு மூணு சாயந்தரத்துல முடிச்சிடலாம். தமிழ்ல பழகிக்கணும்னா லா.ச.ராமாமிருதத்தோட அபிதா, வயசான ஒருத்தர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போயி பழசும் இப்பத்ததும் கலங்கிப் போறது, லா.ச.ரா. ஒரு சொல்லைச் சுண்டி சுண்டி ஒலி பாப்பார், ஃபொஸ்ஸே அப்படி இல்ல, சொல்லை மழுங்க விட்டுருவார், இருந்தாலும் நிதானம் பழகும். இல்ல நகுலன், அவரு நாவல்கள்ல நவீனன்னு ஒரு எழுத்தாளர் வந்துகிட்டே இருப்பார், நவீனன் நகுலன்தானா இல்லையான்னு கேட்டா ரெண்டு ஆஸ்லெ கேள்விதான் அதுவும். நகுலனைப் படிச்சவங்களுக்கு ஃபொஸ்ஸே அண்டை வீடு.

எந்த மாசம் படிக்கிறதுன்னு ஒருத்தர் கேட்டாங்க. நவம்பர், டிசம்பர், மழை மாசம். பனி நமக்கு இல்ல, ஆனா நாலு மணிக்கே இருட்டிகிட்டு வந்து தகரக் கூரை சத்தத்துல டிவி கேக்காம போற சாயந்தரம் இருக்கே, அது போதும். ஜனவரி, பிப்ரவரியில ரப்பர் மரம் எலை கொட்டுறப்பவும் நல்லாத்தான் இருக்கும், மிச்சம் இருக்கிற ரப்பர் காட்டுக்குப் பக்கத்துல வீடு இருந்தா. எங்க பக்கம் எல்லாம் செம்பனை ஆயிடுச்சு, செம்பனை எதுக்கும் எலை கொட்டாது.

தூக்கம் வந்தா தூங்குங்க. அவரே புத்தகத்துல பாதி நேரம் அரைத் தூக்கத்துலதான் இருக்கார்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பி கைப்பேசில குரல் பதிவு ஒண்ணு அனுப்பியிருந்தார், பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். ஆலையில குலை நிறுக்க லோரி வரிசையில நிக்கிறப்ப படிச்சிருக்கார், அங்க எப்பவும் முக்கா மணி நேரம் ஆவும். "அக்கா, மூணு லோரி என்னைத் தாண்டி முன்னுக்குப் போயிடுச்சு, எனக்குத் தெரியவே இல்லக்கா. அதை விடுங்க, அந்தாளை வைத்தியத்துக்குக் கொண்டு போயிட்டாங்க, சரி, வீட்டுல அவரோட நாய் ஒண்ணு இருக்கே, அதுக்கு யாருக்கா சோறு வெக்கிறது?"

நாயைப் பத்தி நான் அவருக்குச் சொல்லவே இல்ல. படிங்க தம்பின்னு மட்டும் பதில் போட்டேன்.